நாமம் போட்டாலும் வயிற்றைக் கட்டத்தான் வேண்டும்

கேள்வி: 2022-இல் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. அப்புறமும் ஏன் வரியை ஏற்றினார்கள்? கடனே கட்டாத நாட்டுக்குச் சிக்கனம் எதற்கு?

காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் தண்டல் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, பிடித்தம் போக 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வாங்கியவருக்குத் தண்டல் போகாமலேயே வரவு 600, செலவு 700 என்று வையுங்கள். தண்டல்காரருக்கு நாமம் சாத்தினாலும் அந்த நூறு ரூபாய் ஓட்டை அப்படியே இருக்கும். அதை அடைக்க நாளையிலிருந்து எவனும் கடன் தரமாட்டான். செலவைக் குறைப்பதைத் தவிர வழி கிடையாது.

வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும் இந்த ஓட்டைக்கு நாட்டுக் கணக்கில் முதன்மைப் பற்றாக்குறை என்று பெயர். இலங்கை 2019 கடைசியில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக இறக்கியது. பிறகு கொரோனா சுற்றுலாவை முடக்கியது. 2021-இல் ஓட்டை ஜிடிபியில், அதாவது நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில், 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் கடனை நிறுத்தினாலும் சிக்கனம் தப்பாது. வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வரவு மிஞ்சும், அதாவது முதன்மை உபரியில் இருக்கும் நாட்டுக்குத்தான் நாமம் போடுவது லாபம்.

எவ்வளவு உபரி வேண்டும்? கடன் ஜிடிபிக்குச் சமம், சராசரி வட்டி 8 சதவீதம், விலைவாசியும் சேர்த்த வளர்ச்சி 5 என்றால், கடன் விகிதம் ஏறாமல் நிற்கவே வருடாவருடம் ஏறக்குறைய 3 சதவீதம் வேண்டும். அது 6, 7 என்று போனால் எந்த அரசும் பல வருடம் தாங்காது. கடன் கொடுத்தவர்களோடு சீக்கிரம் பேச்சுவார்த்தைக்கு உட்காருவதே மேல். ஆனால் பெரும்பாலும் தாமதிப்பார்கள். 2022 ஜனவரியில் இலங்கை 50 கோடி டாலர் கடன் பத்திரத்தை முழுசாக அடைத்தது. ஏப்ரல் 12-இல் வெளிக்கடனை நிறுத்துவதாக அறிவித்தது. ஜனவரியில் கட்டியது பெட்ரோலுக்கும் சமையல் கேஸுக்கும் போயிருக்க வேண்டிய டாலர். என் கணக்கில் மொத்தக் கூத்திலும் மோசமான முடிவு அதைக் கட்டியதுதான்.

அடுத்து, கடனை வெட்டுவது எவ்வளவு சுலபம் என்பது பத்திரம் எந்த ஊர்ச் சட்டத்தில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. கிரீஸின் பத்திரங்களில் பெரும்பகுதி உள்நாட்டுச் சட்டத்தில் இருந்ததால், 2012-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டே முகமதிப்பில் 53.5 சதவீதம் வெட்டினார்கள். அதே பத்திரங்களை வைத்திருந்த கிரேக்க வங்கிகள் காலியாகின. அவற்றுக்கு முதல் போட மறுபடி கடன். அர்ஜென்டினா 2001-இல் நிறுத்திய கடனில் நியூயார்க் சட்டப் பத்திரங்கள் நிறைய; அவற்றை அர்ஜென்டினா தானே சட்டம் போட்டு மாற்ற முடியாது. சமரசத்துக்கு வராத ஒரு நிதியம் விடாமல் துரத்தி, 2012 அக்டோபரில் கானாவின் தேமா துறைமுகத்தில் அர்ஜென்டினக் கடற்படையின் 'லிபர்டாட்' பாய்மரக் கப்பலையே முடக்கி வைத்தது. நம்ம ஹார்பரில் நிற்கும் கப்பலுக்குக் கோர்ட் ஆள் வந்து தடை ஒட்டுவது மாதிரி. கடல் சட்டத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு டிசம்பரில்தான் விட்டார்கள்.

உள்நாட்டுக் கடனில் கை வைத்தால் அடி சொந்த ஜனத்துக்கு. 2023-இல் இலங்கை அரசு மாற்றியெழுதிய பத்திரங்களில் நிறைய, தொழிலாளர்களின் சேமநிதியான இ.பி.எஃப். பணத்தில் வாங்கியவை.

கைகொடுக்க வந்த ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) இலங்கைக்கு வைத்த நிபந்தனை, 2025-க்குள் ஜிடிபியில் 2.3 சதவீதம் முதன்மை உபரி. நீங்கள் கேட்ட வரி அதற்குத்தான்: வாட் 8-லிருந்து 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. வெளிநாட்டுப் பத்திரக்காரர்களுடன் மாற்றுப் பத்திரம் எழுதி முடித்தது 2024 டிசம்பரில்.