சீட்டை முந்தி எடுத்துக் கடையைப் பெருப்பிக்கலாமா?

கேள்வி: நான் இலங்கையிலிருந்து வந்து, நிரந்தர வதிவுரிமையுடன் லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே இணையக் கடை ஒன்றை நடத்தி, சேலைகளும் அளவுக்குத் தைத்த ரவிக்கைகளும் விற்கிறேன். சென்ற வரியாண்டில் 38,000 பவுணுக்கு விற்றேன். செலவு போக 11,000 பவுண் மிஞ்சியது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் என் சொந்த வங்கிக் கணக்கில்தான். சரக்கெடுக்க 15,000 பவுண் கடன் கேட்டபோது வங்கி காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டது. என் பெயரும் நிறமும்தான் காரணமோ என்று மனம் அரிக்கிறது. உறவினர் ஒருவர் பிடிக்கும் சீட்டில் 20 பேர் மாதம் 500 பவுண் கட்டுகிறோம். மூன்றாம் மாதமே மொத்தத் தொகையில் 2,000 பவுணை மற்றவர்களுக்குக் கழிவாக விட்டு எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சீட்டின் மேல் எனக்கு வெறுப்பில்லை. இந்த நாட்டில் நம்மவர்கள் பலர் வீட்டுக்கு முற்பணம் கட்டியதும் கடை திறந்ததும் சீட்டுக் காசில்தான் என்பதை அறிவேன். ஆனால் மூன்றாம் மாதத்தில் நீங்கள் எடுக்கும் 8,000 பவுணில் நீங்களே கட்டிய காசும் அடங்கியிருப்பதால், உண்மையில் கடனாக வருவது 6,500 பவுண் அளவுதான். அதற்கு மேலும் 17 மாதம் கட்ட வேண்டும். மற்றவர்கள் விடும் கழிவில் உங்களுக்குத் திரும்பும் பங்கைக் கழித்துப் பார்த்தாலும், ஆண்டு வட்டி 15 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோதான் வரும். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. இருபது மாதமும் ஒருநாள் தவறாமல் நீங்கள் கட்டினாலும் அந்த நாணயம் எந்தக் கடன் பதிவேட்டிலும் ஏறாது. அடுத்த முறை வங்கிக்குப் போகும்போதும் இன்று போலவே அறிமுகமற்றவராகத்தான் நிற்பீர்கள்.

பெயரும் நிறமும் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. ஆனால் அந்தச் சந்தேகம் ஆதாரமற்றது என்று ஒதுக்கவும் மாட்டேன்; சிறுபான்மை இனத் தொழில் முனைவோர் இங்கே கூடுதல் தடைகளைச் சந்திக்கிறார்கள் என்பதை அரசுக்குச் சொந்தமான பிரித்தானிய வணிக வங்கியே (British Business Bank) 2020ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்தது. இனத்தின் பேரால் கடன் மறுப்பது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்கு முரணானது. ஆகவே மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் வங்கியிடமே முறைப்படி முறைப்பாடு செய்யுங்கள். எட்டு வாரங்களுக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, நிதிக் குறைகேள் அதிகாரியிடம் (Financial Ombudsman) இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு.

அதே வேளையில், வங்கி உங்கள் கணக்குக் கூற்றைத் (statement) திறந்தபோது என்ன கண்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பள்ளிச் செலவு, மரக்கறிக் கடை, இடையில் ஒரு சேலை விற்ற 85 பவுண், அதன் கீழே சீட்டுக்கு 500 பவுண். இதில் கடை எது, வீடு எது என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது. இந்த வாரமே வியாபாரக் கணக்கொன்றைத் திறந்து, கடைக்காசு முழுவதையும் அதனூடாக மட்டும் ஓடவிடுங்கள்.

வரித் திணைக்களத்தில் சுயதொழிலாகப் பதிந்திருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஒரு வரியாண்டில் விற்பனை 1,000 பவுணைத் தாண்டினாலே, அந்த ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5ஆம் தேதிக்குள் பதிய வேண்டும். தவறியிருந்தால், அவர்கள் கேட்கும் முன் நீங்களே போய்ச் சொல்வது தண்டத்தைக் குறைக்கும். அஞ்ச வேண்டியதில்லை: வேறு வருமானம் இல்லையென்றால் 11,000 பவுண் இலாபம் 12,570 பவுண் வரிவிலக்குக்குள் அடங்கிவிடும். வருமான வரி ஒரு பென்சும் இல்லை; ஆனாலும் அந்த ஆண்டு உங்கள் அரச ஓய்வூதியக் கணக்கில் சேரும். முழு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 ஆண்டுகள் வேண்டும். இலாபத்தை மறைப்பவர்கள் இழப்பது இதைத்தான். நாளை வீட்டுக் கடன் கேட்டாலும் முதலில் கேட்கப்படுவது இந்த வரிக் கணக்குத்தான்.

நம்மவர் பலர் தவறவிடும் இன்னொன்று வாக்காளர் பட்டியல். இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலே நீங்கள் அதில் பதியலாம். கடன் கொடுப்பவர்கள் உங்கள் முகவரியை உறுதி செய்ய முதலில் பார்ப்பவற்றுள் அதுவும் ஒன்று; பதிவதற்குச் சில நிமிடங்கள் போதும், செலவும் இல்லை.

இவற்றைச் சீர்செய்து ஆறு மாதக் கூற்று கையில் சேர்ந்ததும், பிரித்தானிய வணிக வங்கியின் தொடக்கநிலைக் கடனுக்கு (Start Up Loan) விண்ணப்பியுங்கள். தொழில் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள். 500 முதல் 25,000 பவுண் வரை, ஈடில்லாமல், நிலையான வட்டியில் தருகிறார்கள். வட்டி, மேலே சொன்ன சீட்டுக் கணக்கில் பாதியளவுதான். ஆனால் இது உங்கள் சொந்தப் பெயரில் வரும் கடன். கடை மூடினாலும் கட்டியே ஆக வேண்டும்.

அதனால்தான் 15,000 பவுண் உங்களுக்கு அதிகம் என்கிறேன். ஆண்டுக்கு 11,000 பவுண் இலாபம் தரும் கடை, அதைவிடப் பெரிய தொகையைச் சேலையாக அலமாரியில் அடுக்கிவைத்தால் மூச்சுத் திணறும். இணையத்தில் வாங்கியவர் சேலை கைக்கு வந்து 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். அந்த உரிமையை நீங்கள் முன்கூட்டி அறிவிக்கத் தவறினால் அது மேலும் 12 மாதம் வரை நீளும். அளவெடுத்துத் தைத்த ரவிக்கைக்கு இந்த விதி பொருந்தாது. மனம் மாறியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிராத பணம் உங்கள் கடையில் தையலில்தான் இருக்கிறது. கடனில் ஒரு பகுதியை அங்கே இடுங்கள்.

சென்னையிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் விற்பனைச் சேலைகளைக் கொண்டுவரும் வழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். பயணிகளுக்கான 390 பவுண் சலுகை சொந்தப் பாவனைக்கு மட்டுமே. விற்கும் பொருளை முதல் பவுணிலிருந்தே சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். பிடிபட்டால் சரக்கும் போகும், கொண்டுவந்தவரும் சிக்குவார்.

முதல் கட்டமாக 6,000 பவுண் மட்டும் கேளுங்கள். சீட்டை விட்டு விலக வேண்டாம். பிடிப்பவர் நம்பிக்கையானவர் என்றால் கழிவு விடாமல் கடைசி மாதம் வரை பொறுத்திருங்கள். அப்போது வரும் 10,000 பவுண், கடன் கட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் உங்கள் கடைக்கு வட்டியில்லாத முதலாக நிற்கும்.