மாத்திரைக்கு அளவு எழுதுகிறோம், உடற்பயிற்சிக்கு?

கேள்வி: நான் எலும்பு மூட்டுப் பிரிவில் பணிபுரியும் இளம் மருத்துவர். முழங்கால் தேய்மானத்துடன் வருபவர்களை உடற்பயிற்சி செய்யச் சொல்லி அனுப்புகிறேன். வலி கூடிவிட்டது என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எங்கே தொடங்குவது, எப்போது கூட்டுவது?

பதில்: "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்பது "மாத்திரை சாப்பிடுங்கள்" என்பதைப் போலத்தான். எந்த மாத்திரை, எத்தனை வேளை?

ஒரு நாற்காலி போதும். கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொல்லி, பக்கத்தில் நின்று எண்ணுங்கள். எட்டாவது முறை எழும்போது தொடை திணறினால் அதுதான் தொடக்க அளவு. மூன்றாவதிலேயே திணறினால் இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். 8 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். 12 முறை சுலபமாக வந்துவிட்டதா? தலையணையை எடுத்துவிடுங்கள். அப்புறம் கையில் எடை. சுமையைப் படிப்படியாகக் கூட்டும் இந்த முறையை 1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம் காயம்பட்ட வீரர்களுக்குப் பயன்படுத்தினார். இன்றும் அடிப்படை அதேதான்.

வலி விஷயத்தில்தான் நாம் தடுமாறுகிறோம். துளியும் வலிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் யாராலும் தொடர முடியாது. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால், நான்கு, ஐந்து வரை பரவாயில்லை. மறுநாள் காலை பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை, அல்லது வீங்கியிருக்கிறது என்றால் சுமையைக் குறையுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். மூட்டு சிவந்து சூடாகி, காய்ச்சலும் இருந்தால் கதையே வேறு. முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

எதற்குப் பழக்குகிறோமோ அதுதான் தேறும். படியேற முடியாதவருக்கு வெறும் நடை போதாது. தாழ்வான படியில் ஏறி இறங்கிப் பழக வேண்டும். நீச்சல் மூட்டுக்கு இதம்தான், ஆனால் எலும்பின் அடர்த்தியைக் கூட்ட அதை நம்ப முடியாது. எலும்புப்புரையால், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானதால், முதுகெலும்பு முறிந்தவரை மட்டும் குனிந்து எடை தூக்க விடாதீர்கள்.

காலக்கெடுவையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரியும்படி பெருக இரண்டு மூன்று மாதம் ஆகும், எலும்புக்கு அதைவிட அதிகம். இது தெரியாதவர் மூன்றாம் வாரமே சலித்துவிடுவார்.

இரண்டு வாரம் கழித்து வரும்போது "செய்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.