வாசகர் கேள்வி: சியாட்டில் எம்.பி.யும் கரூர் மகளும்

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறாள். அவளுக்கு அரசியலில் ஆசை. "வெளிநாட்டுப் பொண்ணுக்கு அங்க யாரு ஓட்டுப் போடுவாங்க?" என்கிறார் அவள் அப்பா. அமெரிக்காவின் சியாட்டிலில் எம்.பி. ஆன பிரமிளா ஜெயபால் எப்படி ஜெயித்தார் என்று சொல்லுங்களேன். - ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் மகளைவிடச் சின்னவராக, 16 வயதில், 1982-ல் தனியாக அமெரிக்கா போனவர் பிரமிளா. பெற்றோர் சேமிப்பில் இருந்த 5,000 டாலரை அப்படியே அவர் படிப்புக்குப் போட்டார்கள். ஜார்ஜ்டவுனில் ஆங்கில இலக்கியம், வால் ஸ்ட்ரீட்டில் வேலை, எம்.பி.ஏ., அப்புறம் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவிகளின் விற்பனை. அதுவரை அரசியல் வாடையே இல்லை.

எல்லாரும் அவர் ஜெயித்த கதையைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1997. இரண்டு வருட ஃபெலோஷிப்பில் இந்தியாவில் தங்கியிருந்தார். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க உதவும் கிரீன் கார்டு செல்லுபடியாக வேண்டுமென்றால் குறித்த காலத்துக்குள் திரும்பியாக வேண்டும். அந்த நேரத்தில், 26 வாரம் கடந்த கையோடு, குழந்தை பிறந்துவிட்டது. எடை ஒரு கிலோகூட இல்லை. குழந்தையை விட்டுவிட்டுப் போனால் கார்டு நிலைக்கும். கூட இருந்தால் கார்டு போய்விடும். அவர் குழந்தையோடு இருந்தார். கணவர் அமெரிக்கக் குடிமகன் என்பதால் மறுபடி உள்ளே போக வழி கிடைத்தது. ஆனால் குடியுரிமைக்கான வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. 2000-ல்தான் குடியுரிமை வந்தது. போய் இறங்கி 18 வருடம்!

நானும், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் சியாட்டிலில் ஒன்பது வருடம் இருந்தவள். பாஸ்போர்ட்டுக்குள் ஐ-797 என்ற அனுமதிக் காகிதத்தை மடித்து மடித்து வைத்ததில் மடிப்பு கிழிந்து, செல்லோடேப் ஒட்டி வைத்திருந்தேன். அம்மா படுக்கையில் விழுந்தபோது, ஊருக்குப் போனால் தூதரகத்தில் விசா முத்திரை குத்தும் 'ஸ்டாம்பிங்' தேதி கிடைக்குமா, திரும்பி வர முடியுமா என்று யோசித்தே இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அதனால் பிரமிளாவின் அந்த வருடத்தை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

குடியுரிமை கிடைத்த மறுவருடம் செப்டம்பர் 11 தாக்குதல். தலைப்பாகை கட்டியவர்களும் முக்காடு போட்டவர்களும் தெருவில் அடிபட்டார்கள். அப்போது அவர் சியாட்டிலில் தொடங்கிய 'ஹேட் ஃப்ரீ ஸோன்' அமைப்புதான் பிறகு 'ஒன்அமெரிக்கா' ஆனது. அரசாங்கமே இல்லாமல் கிடந்த சோமாலியாவுக்கு ஆட்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வழக்குப் போட்டு, நாடு முழுவதும் 4,000-க்கும் மேற்பட்டவர்களின் வெளியேற்றத்தை அப்போது நிறுத்திவைத்தார்கள். புதிதாகக் குடியுரிமை பெற்ற 20,000-க்கும் மேற்பட்டவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். பதவி எதுவும் இல்லாமல் பத்து வருடத்துக்கு மேல் செய்த வேலை இது. 2014-ல்தான் மாநில செனட் தேர்தலில் முதல் தடவை நின்றார்.

2016-ல், 28 வருடம் எம்.பி.யாக இருந்த ஜிம் மெக்டெர்மட் ஒதுங்கிக்கொண்டதும் சியாட்டில் தொகுதி காலியானது. அங்கே பெரும்பான்மை வெள்ளையர்கள். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் முதல்கட்டத் தேர்தலில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள், ஒரே கட்சியாக இருந்தாலும், நவம்பரில் மோதுவார்கள். பிரமிளாவை எதிர்த்து நின்றவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான். பிரமிளா சுமார் 56 சதவீதம் வாங்கினார். பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் இந்திய அமெரிக்கப் பெண் அவர்.

அங்கே ஓட்டு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் வாக்காளர் கையேடு தபாலில் வரும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. நியூஸ் பேப்பர் தாளில் அச்சான அந்தப் புத்தகத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி சாப்பாட்டு மேஜையில் ஓட்டுச்சீட்டை விரித்து வைத்து, "இந்தப் பெயரை எப்படிச் சொல்வது?" என்று என்னிடம் கேட்டார். "ஜெய-பால்" என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கறுப்பு மையால் கட்டத்தை நிரப்பினார். யார் ஓட்டுப் போட்டார்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

2018 ஜூனில், எல்லையில் குழந்தைகளிடமிருந்து பிரிக்கப்பட்ட தாய்மார்கள் உட்பட 174 பெண்கள் சியாட்டில் அருகே சிறையில் இருந்தபோது, பிரமிளா உள்ளே போய் அவர்களிடம் பேசினார். அப்படிப் பிரிப்பதை எதிர்த்து, அதே மாதக் கடைசியில் செனட் அலுவலகக் கட்டடத்தில் தரையில் உட்கார்ந்து மறியல் செய்து, கிட்டத்தட்ட 600 பெண்களோடு தானும் கைதானார்.

மகளுக்குச் சில விஷயம். மாணவர் விசாவில் இருக்கும்போது ஓட்டும் கிடையாது, வேட்பாளருக்கு நன்கொடையும் கொடுக்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் பிரசாரத்தில் தொண்டு வேலை செய்யலாம். யாராவது வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போட வேண்டாம் என்று இப்போதே சொல்லி அனுப்புங்கள். குடிமகள் என்று தவறாகக் குறித்துவிட்டால் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: பிரமிளா நம்ம சென்னைப் பொண்ணுதானே? - ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: பிறந்தது சென்னையில், 1965-ல். குடும்பம் மலையாளக் குடும்பம். வளர்ந்தது இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும். அக்கா சுசீலாவும் அரசியல்வாதிதான். 2018-ல் ஆரிகன் மாநிலத்தின் மல்ட்னோமா மாவட்ட ஆணையராகத் தேர்வானார்.

கேள்வி: அவர் அமெரிக்க ஜனாதிபதி ஆக முடியுமா? - ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: முடியாது. பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டுமே ஜனாதிபதி ஆகலாம் என்கிறது அவர்கள் அரசியல் சட்டம். பிரதிநிதிகள் சபைக்கு 7 வருடம், செனட்டுக்கு 9 வருடம் குடிமகளாக இருந்தால் போதும். கமலா ஹாரிஸ் ஜனாதிபதித் தேர்தலில் நிற்க முடிந்ததற்குக் காரணம், அவர் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தவர். இங்கிருந்து அமெரிக்கா போனது அவர் அம்மா சியாமளா.