சீருடை இறுகும் வயது: டர்பன் வாசகர்களின் கேள்விகளுக்கு ஊட்டச்சத்து நிபுணரின் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது நிறைந்திருக்கிறது. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. இது அதிகமா? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த்)

பதில்: கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கும், உங்கள் மகளுக்கு அது ஏறத்தாழ 22.5. பெரியவர்களுக்குரிய 25 என்ற எல்லையைச் சிறுமியருக்கும் பொருத்திப் பார்த்து நிம்மதியடைவது பலரும் செய்கிற தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி 13 வயதுச் சிறுமிக்கு 21.8ஐத் தாண்டினால் அதிக எடை, 26.2ஐத் தாண்டினால் உடற்பருமன். உங்கள் மகள் முதல் கோட்டைச் சற்றே தாண்டியிருக்கிறாள். உயரம் இன்னும் கூடும் வயது என்பதால் எடையைக் குறைக்கப் பாடுபட வேண்டாம். ஏறும் வேகம் தணிந்தாலே போதும். நம் இந்திய வம்சாவளியினருக்கு அதே குறியீட்டெண்ணிலும் வயிற்றுக் கொழுப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் இடுப்பையும் அளந்து பாருங்கள். அது உயரத்தில் பாதிக்குள், அதாவது 77 சென்டிமீட்டருக்குள், இருக்க வேண்டும்.

கேள்வி: பேத்தி பெரியவளான பிறகுதான் பருத்தாள். உளுந்தும் நல்லெண்ணெயும் கொடுத்தது தவறா? (ஒரு பாட்டி, ஃபீனிக்ஸ்)

பதில்: இல்லை, அம்மா. பூப்பெய்தும் காலத்தில் பெண் உடலில் கொழுப்பு சேர்வது இயற்கை. எடை கூடிய சிறுமியர் சற்று முன்னதாகவே பூப்பெய்துவதும் உண்டு. சில வாரங்கள் கொடுத்த உளுந்து ஆண்டுக்கணக்கில் எடையேற்றாது. அதற்குப் பிறகு "இனி வெளியே ஓடியாடாதே" என்று அவளை உட்கார வைத்தோமே, அதைத்தான் நான் கேட்பேன். நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க உடல் அசைய வேண்டும். தெருவில் நடப்பது பாதுகாப்பில்லை என்ற அச்சம் நியாயமானது. அப்படியானால் பள்ளியின் நெட்பால் அணியிலோ நடன வகுப்பிலோ அவளைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் எண்ணெய் குறைத்தே சமைக்கிறோம். பிறகும் மகளின் எடை ஏறுவது ஏன்? (ஒரு தந்தை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: வீட்டுச் சட்டியை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது, பள்ளியின் டக் ஷாப் என்ற தின்பண்டக் கடையையும் பாருங்கள். கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய பனி சௌ ஒன்றில் ரொட்டி மட்டுமே ஏறத்தாழ ஐந்து துண்டு. அதைத் தோழியோடு பகிர்ந்தால் நல்ல மதிய உணவுதான். ஆனால் கூடவே குடிக்கும் 500 மில்லி குளிர்பானத்தில், 100 மில்லிக்கு 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், 50 கிராம் சர்க்கரை, அதாவது பன்னிரண்டு தேக்கரண்டி இறங்குகிறது. அது வயிற்றை நிறைப்பதும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரல் முதல் 100 மில்லிக்கு 4 கிராமைத் தாண்டும் சர்க்கரைக்கு வரி விதிக்கப்படுவது வீணாக அல்ல. காலையுணவைத் தவிர்த்துவிட்டுப் போகிற பிள்ளை பத்து மணி இடைவேளையில் சிப்ஸ் பாக்கெட்டைத்தான் தேடுவாள்; ஒரு ரொட்டியில் முட்டையைச் சுருட்டிக் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: இரவு கைப்பேசி பார்த்தால் எடை கூடுமா? (ஒரு மாணவி)

பதில்: கைப்பேசியால் தூக்கம் குறைந்தால் பசி கூடும். உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும்.

கேள்வி: 16 வயதாகிறது. கழுத்தின் பின்புறம் கறுத்திருக்கிறது, மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. பட்டினி கிடந்தால் சரியாகுமா?

பதில்: கூடாது, மகளே. அந்தக் கறுப்பைத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை. இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம். பூப்பெய்திய முதல் இரண்டாண்டுகளில் மாதவிடாய் தவறுவது சகஜம், அதற்குப் பிறகும் இப்படி நீண்டால் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்கான பரிசோதனையும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் தேவை. அம்மாவை அழைத்துக்கொண்டு இந்த மாதமே கிளினிக்குக்குப் போ. கடைசியாக மாதவிடாய் வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்.