ஆசாரி தண்ணீரில் முக்கினால் அரிவாள், நான் முக்கினால் விரிசல்: ஏன்?

லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி செய்து, பட்டறையில் பார்த்த மாதிரியே சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன், விரிசல் விட்டுவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் கத்தியும் இப்படித்தான் போனது. முக்கியதும் 'டிங்' என்று ஒரு சத்தம். துடைத்துப் பார்த்தால் வாயிலிருந்து, அதாவது வெட்டும் விளிம்பிலிருந்து, முதுகை நோக்கித் தலைமுடி போல ஒரு கோடு.

அப்புறம் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஆசாரி அரிவாளை முழுதாக முக்குவதே இல்லை. வாய்ப்பக்கம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீரில் படும், அதுவும் சில நொடிதான். எடுத்து, செங்கல் துண்டால் மேலே படிந்த கருப்புத் தோலைத் தேய்த்துவிட்டு, வெளுத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். வைக்கோல் மஞ்சள் தெரிந்த உடனே மறுபடி தண்ணீர். "நீலத்துக்கு விட்றாத தம்பி, வாய் மடங்கிரும்" என்றார். நாம் காப்பியடித்தது முதல் பாதியை மட்டும்.

ஸ்பிரிங் பட்டையில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம். நல்ல சூட்டில் அது இரும்புக்குள் கரைந்திருக்கும். சட்டென்று குளிர வைத்தால் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். கடினம் வருவது அதனால்தான், கண்ணாடி மாதிரி உடைவதும் அதனால்தான். பட்டையில் குரோமியம், மாங்கனீசு போன்றவையும் சேர்ந்திருப்பதால் எண்ணெயின் வேகமே போதும். கைப்பழக்கம் வரும்வரை தண்ணீர் வேண்டாம்.

நான் இப்போது செய்வது இதுதான். வாயை 1 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் விட்டுவிடுவேன். பொழுது சாய்ந்த பிறகுதான் உலை மூட்டுவேன். வெயிலில் சூட்டின் நிறம் ஏமாற்றும். சுமார் 770 டிகிரியில் காந்தம் ஒட்டாது. அதோடு நிறுத்திவிடாமல் இன்னும் கொஞ்சம், 830 வரை. பிறகு 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிய கடலை எண்ணெயில் முனை முதலில் இறக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் வளைந்துவிடும். எண்ணெய்க்கு இரும்புப் பாத்திரம்தான், மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தீப்பிடிக்கும்.

ஆறியதும் மேல்தோலை நீக்கி அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சரி, பாதி வேலை முடிந்தது. கண்ணாடி மாதிரி உடையும் குணத்தைக் குறைக்க, அன்றைக்கே கேக் அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு முறை. அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாதீர்கள், உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள்.

கத்திக்கு முன்னால் அதே பட்டையில் கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்றை எண்ணெயில் முக்கி, அடுப்பில் வைக்காமல் அப்படியே வைஸில் பிடித்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடைத்துப் பாருங்கள். உடைந்த இடம் ரவை மாதிரி இருந்தால் சூடு அதிகம். மைதா மாதிரி இருக்க வேண்டும்.

விரிசல் விட்ட கத்தியை ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். கோடு முனைக்கு அருகில் இருந்தால் அதுவரை வெட்டிவிடுங்கள். என்னுடையது இப்போது மாங்காய் சீவுகிற சின்னக் கத்தி.