எந்த லெவலில் தொடங்குவது? ஃபேன்டஸி ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும் கேம்) வாங்குவோருக்கான கேள்வி-பதில்

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் முதன்முறையாக ஆடப்போகிறேன். வாங்கிய தொகுப்பில், கேரக்டரை ஒரே தாவலில் உயர்ந்த லெவலுக்கு ஏற்றிவிடும் ஒரு லெவல் பூஸ்ட்டும் சேர்ந்து வந்திருக்கிறது. அதை முதல் கேரக்டருக்கே போட்டுவிடலாமா?

பதில்: முதல் கேரக்டருக்குப் போட வேண்டாம். பூஸ்ட்டில் கிடைப்பவை ஒரு லெவல் எண், அந்த எண்ணுக்கு ஏற்ற ஒரு செட் கியர் (ஆயுதம், கவசம்), ஸ்கில் பட்டியல். எந்த ஸ்கில்லை எப்போது அழுத்துவது என்ற கைப்பழக்கம் அதில் வராது. கீழிருந்து ஏறும்போது ஸ்கில்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். ஒன்று கையில் படிந்த பிறகு அடுத்தது வரும். பூஸ்ட் போட்ட கேரக்டரில் அத்தனை பட்டன்களும் ஒரே நேரத்தில் திரையில் வந்து நிற்கும். தனியாகச் சுற்றும் வரை இது பெரிய குறையாகத் தெரியாது. ஐந்து பேராகப் போகும் டஞ்சனில் (எதிரிகள் நிறைந்த நிலவறை) டேங்க்காகவோ (எதிரியின் அடியைத் தாங்குபவர்) ஹீலராகவோ (மற்றவர்களைக் குணப்படுத்துபவர்) நுழைந்தால், முதல் சண்டையிலேயே தெரிந்துவிடும். உங்கள் தவறுக்கு மற்ற நான்கு பேரும் சாக வேண்டியிருக்கும்.

மிச்சமாகும் நேரமும் பலர் நினைக்கும் அளவு இல்லை. 2020 அக்டோபரில் இந்த கேமில் லெவல்களைச் சுருக்கினார்கள். 120-இல் இருந்த கேரக்டர்கள் 50-க்கு வந்தன. பூஸ்ட் இல்லாமல் மேலே போகவே முடியாது என்ற பேச்சு அதற்கு முந்தைய காலத்தது. இப்போது எக்ஸைல்ஸ் ரீச் என்ற பயிற்சித் தீவு 1 முதல் 10 வரை கைபிடித்துக் கூட்டிச் செல்கிறது. இலவச ஸ்டார்டர் கணக்கிலேயே 20 வரை ஏறலாம். எனவே பூஸ்ட்டைத் தொடாமல் வைத்துவிட்டு, பிடித்திருக்கும் என்று தோன்றும் மூன்று கிளாஸ்களை (போர்வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகைகள்) எடுத்து ஒவ்வொன்றையும் 10 வரை ஆடிப் பாருங்கள். கைக்கு ஒத்துவந்ததை வைத்து மேலே போங்கள். பூஸ்ட் இரண்டாவது கேரக்டருக்கு இருக்கட்டும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, தோற்றத்தைப் பார்த்து கிளாஸைத் தேர்ந்து உடனே பூஸ்ட்டைச் செலவழித்துவிடுவது. ஒரு கேரக்டருக்குப் போட்டதைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்ட முடியாது. 2016 முதல் கிளாஸ் டிரையல் என்ற வசதி இருக்கிறது. உயர்ந்த லெவலில் ஒரு தற்காலிகக் கேரக்டரைக் கொடுத்து, கொஞ்ச நேரம் ஆடவிட்டு, பிடித்தால் அதற்கே பூஸ்ட்டைப் போடச் சொல்லும். உங்கள் கணக்கில் அது தெரிந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

எந்தக் கிளாஸுக்குப் போடுகிறீர்கள் என்பதிலும் கணக்கு இருக்கிறது. சில கிளாஸ்கள் 1-இல் தொடங்குவதே இல்லை. 2022-இல் டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்தோடு (கேமுக்குக் கூடுதல் கதையும் இடங்களும் தரும் இணைப்பு) இவோக்கர் கிளாஸ் வந்தபோது அதன் தொடக்க லெவல் 58, அந்த விரிவாக்கத்தின் உச்சம் 70. ஏற்கெனவே பாதிக்கு மேல் ஏறி நிற்கும் கேரக்டருக்குப் பூஸ்ட் போடுவது வீண் செலவு. கேரக்டர் உருவாக்கும் திரையில் தொடக்க லெவலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இன்னொன்று: பழைய வடிவத்தை மீண்டும் தரும் கிளாசிக் பதிப்பும் நடப்புப் பதிப்பும் தனித்தனி. ஒன்றுக்கு வாங்கிய பூஸ்ட் மற்றதில் செல்லாது.

கேள்வி: ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் லெவல் பூஸ்ட், கதையைத் தாண்டும் பொருள் என்று இரண்டு விற்கிறார்கள். நண்பர்கள் எல்லோரும் 100-இல் இருக்கிறார்கள். எதை வாங்கினால் அவர்களோடு சேர்ந்து ஆடலாம்?

பதில்: இரண்டும் வேறு வேறு பூட்டுகளுக்கான சாவிகள். லெவல் பூஸ்ட் ஒரு ஜாபின் (இந்த கேமில் கிளாஸுக்கு இணையானது) லெவலை மட்டும் உயர்த்தும், கதை நகராது. இந்த கேமில் ஊர்களும் டஞ்சன்களும் பெரும்பாலும் கதையோடு கட்டப்பட்டவை. அதனால் பூஸ்ட்டை மட்டும் வாங்கியவர் உயர்ந்த லெவலோடு தொடக்க ஊரிலேயே நிற்க வேண்டியிருக்கும், நண்பர்கள் இருக்கும் இடத்துக்கு வழி திறக்காது. கதையைத் தாண்டும் பொருளை மட்டும் வாங்கினால் வழி திறக்கும், ஆனால் அங்கே நிற்க லெவல் இருக்காது. உடனே சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டும் வேண்டும்.

ஆனால் எங்கள் யோசனை, இரண்டையும் வாங்காமல் இலவச டிரையலில் தொடங்குவதுதான். 2023 அக்டோபரிலிருந்து டிரையல் கணக்கிலேயே ஹெவன்ஸ்வார்ட், ஸ்டார்ம்பிளட் இரண்டு விரிவாக்கங்களும் அடக்கம். ஒவ்வொரு ஜாபையும் 70 வரை ஏற்றலாம், நாள் கணக்கு கிடையாது. கட்டுப்பாடுகள் உண்டு: கையில் 3,00,000 கில்லுக்கு (கேமின் நாணயம்) மேல் சேராது, மற்ற ஆட்டக்காரர்களோடு பொருள் பரிமாற முடியாது, ஃப்ரீ கம்பெனியில் (ஆட்டக்காரர்களின் குழு) சேர முடியாது. முழு கேமை வாங்கிவிட்டால் அந்தக் கணக்கை மறுபடி டிரையலாக மாற்றவும் வழியில்லை. தள்ளுபடியைப் பார்த்து அவசரத்தில் வாங்கிவிட்டுப் பிறகு மாதச் சந்தா கட்டத் தயங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்த கேமின் பலமே கதை. ஆற அமரப் படிக்க வேண்டிய அந்தப் பகுதியைக் காசு கொடுத்துத் தாண்டுவது எங்களுக்குச் சம்மதமில்லை.

ஏற்கெனவே ஒரு ஜாபை உயர்த்தியவர் இரண்டாவது ஜாபுக்குப் பூஸ்ட் வாங்கும் முன் இதைப் பாருங்கள். டார்க் நைட், மெஷினிஸ்ட், அஸ்ட்ராலஜியன் மூன்றும் 30-இல் தொடங்கும். சாமுராய், ரெட் மேஜ் 50-இல். கன்பிரேக்கர், டான்சர் 60-இல். ரீப்பர், சேஜ் 70-இல். வைப்பர், பிக்டோமான்சர் 80-இல். உயர்ந்த லெவலில் ஒரு ஜாப் இருந்தால் மற்ற போர் ஜாப்களுக்கு எக்ஸ்பி (லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளிகள்) கூடுதலாகவும் கிடைக்கும். பிக்டோமான்சருக்குப் பூஸ்ட் வாங்குபவர், கேம் இலவசமாகத் தரும் 80 லெவல்களுக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்குபவர்கள் கவனிக்க: அடிப்படை கேமை ஸ்டீமில் வாங்கினால் விரிவாக்கங்களையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும், வேறு கடையின் விண்டோஸ் பதிப்பு அதோடு ஒட்டாது.

கேள்வி: எல்டன் ரிங்கில் கன்ஃபெசர் லெவல் 10-இல் தொடங்குகிறது, ரெட்ச் லெவல் 1-இல். 10-இல் தொடங்குவதுதானே லாபம்? எனக்கு மந்திரம் வைத்து ஆட ஆசை.

பதில்: லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இந்த கேமில் தொடக்க லெவல் என்பது உங்களுக்காக முன்கூட்டியே செலவழிக்கப்பட்ட புள்ளிகளின் எண்ணிக்கை, அவ்வளவே. மொத்தம் எட்டு ஸ்டாட்கள் (கேரக்டரின் திறன் எண்கள்). ரெட்சுக்கு எட்டும் 10, கூட்டினால் 80, லெவல் 1. கன்ஃபெசரின் எட்டையும் கூட்டினால் 89, லெவல் 10. எந்தக் கிளாஸை எடுத்தாலும் ஸ்டாட்களின் கூட்டுத்தொகையில் 79-ஐக் கழித்தால் லெவல் வந்துவிடும். ஆக, கேட்க வேண்டியது எத்தனை புள்ளி என்பதல்ல, அந்தப் புள்ளிகள் எங்கே போயிருக்கின்றன என்பது.

மந்திரக் கேரக்டருக்கு ஒரு நியாயமான இலக்கை வைத்துக் கணக்குப் போடுவோம்: விகர் (உயிர்) 40, மைண்ட் (மந்திரம் போடும் சக்தி) 25, எண்டூரன்ஸ் (தாக்குப்பிடிக்கும் திறன்) 15, ஸ்ட்ரெங்த் (வலிமை) 8, டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 12, இன்டெலிஜன்ஸ் (மந்திரத்தின் வலு) 60. ஃபெயித்தும் ஆர்கேனும் தேவையில்லை.

அஸ்ட்ராலஜர் லெவல் 6-இல் தொடங்குகிறது. விகர் 9, மைண்ட் 15, எண்டூரன்ஸ் 9, ஸ்ட்ரெங்த் 8, டெக்ஸ்டெரிட்டி 12, இன்டெலிஜன்ஸ் 16. இலக்குக்கு இன்னும் 91 புள்ளிகள் வேண்டும். லெவல் 97-இல் சேர்ந்துவிடும். ரெட்ச் 102 புள்ளிகள் கேட்கும், லெவல் 103. வேகபாண்ட் லெவல் 9-இல் தொடங்கினாலும், அதன் புள்ளிகளில் 14 ஸ்ட்ரெங்த்துக்கும் 13 டெக்ஸ்டெரிட்டிக்கும் போய்விட்டன. லெவல் 104 ஆனால்தான் அதே இடம். உயர்ந்த லெவலில் தொடங்கியவர் ஏழு லெவல் பின்தங்குகிறார். ஒவ்வொரு லெவலுக்கும் ரூன் (எதிரிகளைக் கொன்று சேர்க்கும் நாணயம்) விலை ஏறிக்கொண்டே போவதால், 97-க்கும் 104-க்கும் நடுவே உள்ள ஏழு லெவல்கள் தொடக்கத்து ஏழு லெவல்களைப் போல மலிவானவை அல்ல.

உங்கள் விருப்பத்துக்கு அஸ்ட்ராலஜரை எடுங்கள். மந்திரக்கோலும் இரண்டு மந்திரங்களும் கையிலேயே இருக்கும், தேடி அலைய வேண்டாம். விகர் 9 மட்டும்தான் என்பதால் தொடக்கத்தில் அடி தாங்காது. முதலில் கிடைக்கும் ரூன்களை இன்டெலிஜன்ஸில் கொட்டாமல் விகரை 15, 20 வரை ஏற்றிவிடுங்கள். மந்திரக் கேரக்டர் ஆரம்பித்துப் பாதியில் கைவிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள்.

பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. ராயா லுகாரியா மந்திரக் கலாசாலையில் ரெனாலா என்ற எதிரியை வென்ற பிறகு, லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்துப் புள்ளிகளைத் திரும்பப் பங்கிடலாம். ஆனால் தொடக்கக் கிளாஸின் ஸ்டாட்டுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. வேகபாண்டின் 14 ஸ்ட்ரெங்த் கடைசி வரை 14-தான்.

இன்னும் என்ன ஆடப்போகிறோம் என்று தெரியாதவர்களுக்கு வேகபாண்ட் நல்ல தேர்வு. கனமான கவசம், கேடயம், 15 விகர் மூன்றும் முதல் சில மணி நேரத்தைத் தாங்கிப் பிடிக்கும். ரெட்ச் ஒரு கட்டையோடு மட்டும் இறங்குகிறது; கேமைத் தெரிந்தவர்கள் விரும்பி எடுப்பது. எல்லா கேமிலும் லெவல் 1 கடினம் என்று நினைக்கவும் வேண்டாம். 2011-இல் வந்த டார்க் சோல்ஸில் பைரோமான்சர்தான் லெவல் 1, கட்டையும் பலகைக் கேடயமும் மட்டும் கொண்டு இறங்கும் டிப்ரைவ்ட் லெவல் 6. பலரும் புதியவர்களுக்குச் சொல்வது பைரோமான்சரைத்தான்.

கேள்வி: பால்டர்ஸ் கேட் முதல் பாகம் ஆடாமல் இரண்டாவதை வாங்கலாமா? லெவல் குறைந்துவிடுமா?

பதில்: வாங்கலாம். இரண்டாம் பாகம் புதிய கேரக்டருக்கே 89,000 எக்ஸ்பி கொடுத்துத்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு கிளாஸுக்கும் எக்ஸ்பி அட்டவணை வேறு என்பதால் அதே 89,000-இல் ஃபைட்டர் லெவல் 7, தீஃப் லெவல் 8. மேஜ் 90,000-இல்தான் 8 ஆகும், அதனால் 1,000 குறைந்து 7-இல் நிற்கும். முதல் சில சண்டைகளிலேயே அது சரியாகிவிடும்.

முதல் பாகத்தை விரிவாக்கத்தோடு ஆடி 161,000 உச்சவரம்பைத் தொட்டவர் அந்தக் கேரக்டரைக் கொண்டுவந்தால் மேஜ் லெவல் 9-இல், ஐந்தாம் நிலை மந்திரங்களோடு தொடங்கும். முதல் பாகத்தில் ஸ்டாட்களை நிரந்தரமாகக் கூட்டும் புத்தகங்கள் இருக்கின்றன, அந்த உயர்வும் கூடவே வரும். லெவல் வித்தியாசம் சில மணி நேரத்தில் மறைந்துவிடும், ஸ்டாட் உயர்வு கடைசி வரை நிற்கும். முதல் பாகத்தை ஆட ஒரு காரணம் வேண்டுமென்றால் அதுதான் காரணம். கேரக்டரின் ரெகார்ட் திரையில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, இரண்டாம் பாகத்தில் கேரக்டர் உருவாக்கும் இடத்தில் இம்போர்ட் கொடுத்தால் போதும்.

இரண்டாம் பாகத்தின் விரிவாக்கமான த்ரோன் ஆஃப் பாலை நேரடியாகத் தொடங்கினால் 25,00,000 எக்ஸ்பி கிடைக்கும். அத்தனை லெவலையும் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும். மேஜ் எடுத்தால் மந்திரத் தேர்வே தலைசுற்றும். புதியவர்களுக்கு வேண்டாம்.

கேள்வி: பூஸ்ட் வாங்கிப் போட்ட பிறகு பிடிக்கவில்லை. ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: போட்டுவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஸ்டீமின் பொது விதி, வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும் என்பது. கூடுதல் உள்ளடக்கத்துக்கு, அதை வாங்கிய பிறகு ஆடிய நேரம் கணக்கு. அதைப் பயன்படுத்தியோ மாற்றியோ இருக்கக்கூடாது. கேரக்டரின் லெவலைத் திரும்ப இறக்க முடியாதபடி ஏற்றிவிடும் உள்ளடக்கத்துக்குப் பணம் தர முடியாமல் போகலாம் என்று அந்த விதியிலேயே உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். கேமுக்குள் வாங்கும் பொருள்களுக்கு ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் சொந்த கேம்களில் 48 மணி நேரம் அவகாசம். மற்ற நிறுவனங்கள் விரும்பினால் மட்டுமே தரும்.

கேமையே திருப்பித் தர நினைப்பவர்கள் நேரத்தைக் கவனியுங்கள். கேரக்டரின் மூக்கையும் தாடியையும் செதுக்கும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் அடக்கம். முதலில் முகத்தைத் தானாக அமைக்கவிட்டு நேராகச் சண்டைக்குப் போய்ப் பாருங்கள். வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகு புதிதாக ஒரு கேரக்டரை ஆற அமரச் செதுக்கலாம்.

கேள்வி: உயர்ந்த லெவலில் இருக்கும் கணக்கை ஒருவர் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே சொன்ன இரண்டு ஆன்லைன் கேம்களிலும் கணக்கை விற்பது விதிப்படி தடை, கண்டுபிடித்தால் மூடிவிடலாம். கணக்கைத் திறந்தவரிடம் பழைய மின்னஞ்சலும் முதல் ரசீதும் இருக்கும் வரை, காசு வாங்கிய பிறகும் கணக்கு தன்னுடையது என்று சொல்லி அவர் மீட்டுக்கொள்ள முடியும். நீங்கள் புகார் செய்யப் போனால், விதியை மீறி வாங்கியதாக முதலில் நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பாஸ்வேர்டைக் கொடுத்து வேறொருவரை லெவல் ஏற்றச் சொல்வதிலும் இதே ஆபத்துதான். நிறுவனத்தின் சொந்தக் கடையில் பூஸ்ட் விற்கிறது என்றால் அங்கேயே வாங்குங்கள். விற்கவில்லை என்றால் அந்த கேமில் கீழிருந்து ஏறுங்கள்.