பந்து ஸ்கொயர் லெக் பக்கம் போனா இம்பல்ஸ் ஏன் 1.6 இல்ல, 8?

0.16 கிலோ கிரிக்கெட் பந்து 30 மீ/செ வேகத்துல வருது, செங்கோணத்துல திரும்பி ஸ்கொயர் லெக் பக்கம் 40 மீ/செ வேகத்துல போகுது, அப்போ இம்பல்ஸ், அதாவது மொமெண்டம் (நிறை × திசைவேகம்) மாறுற அளவு, 0.16 × (40 − 30) = 1.6 தானேன்னு கேக்குறீங்க. வேகத்தை மட்டும் கழிச்சிட்டீங்க, திசையை விட்டுட்டீங்க. மொமெண்டம் வெக்டர்ங்க, அளவோட திசையும் சேர்ந்தது. பேட் ரெண்டு வேலை பண்ணுது, வந்த மொமெண்டம் 4.8ஐ (0.16 × 30) மொத்தமா நிறுத்தணும், அதுக்கு பவுலர் பக்கமா தள்ளணும், அப்புறம் ஸ்கொயர் லெக் பக்கம் புதுசா 6.4 (0.16 × 40) குடுக்கணும், ரெண்டும் செங்கோணத்துல இருக்கறதால பித்தாகரஸ் போட்டா 8 நியூட்டன் செகண்ட். இம்பல்ஸோட திசை பந்து போற திசை கிடையாது (பாதி பேர் இங்கதான் மார்க்கை விடுறாங்க), அதுலேர்ந்து பவுலர் பக்கமா சுமார் 37 டிகிரி சாய்ஞ்சிருக்கும். பேட்ல 1 மில்லி செகண்ட் பட்டுச்சுன்னு வச்சுக்கிட்டா சராசரி விசை 8000 நியூட்டன்.